ஆபீஸில் சொல்வதற்கு முன்னால்

அன்புள்ள கண்ணுக்கு,

நான் திருநங்கை என்று அடுத்த மாதம் ஆபீஸில் சொல்லிவிடப் போகிறேன், எல்லாப் பதிவுகளிலும் பெயரை மாற்றித் தரக் கேட்கப் போகிறேன் என்றாய். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீலிடம் இத்தனை காலம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, மகள் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? நீ இருக்கும் அமெரிக்காவின் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன்.

1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தில் டைட்டில் 7 என்று ஒரு பகுதி. இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு இவற்றை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. திருநங்கை, தன்பாலீர்ப்பாளர் என்ற பேச்சே அதில் இல்லை. 2020 ஜூன் 15 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீல் கோர்சச், பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி. அவர் வாதம் நேரடியானது. ஆணை விரும்புகிறான் என்று ஓர் ஆணை வேலையை விட்டு அனுப்புகிறாய். அதே இடத்தில் ஆணை விரும்புகிற ஒரு பெண் இருந்தால் அனுப்பியிருப்பாயா? மாட்டாய். அப்படியானால் பாலினத்தைப் பார்த்துத்தானே அனுப்பினாய்? எங்கள் வக்கீல் சார் இதைப் படித்திருந்தால் மேசையைத் தட்டியிருப்பார்.

அந்தத் தீர்ப்பில் மூன்று வழக்குகள் சேர்ந்திருந்தன. ஒன்று மிச்சிகனில் ஈமச்சடங்கு நிலையம் ஒன்றில் வேலை பார்த்த எய்மி ஸ்டீபன்ஸுடையது. இனிமேல் பெண்ணாகவே வேலைக்கு வரப் போகிறேன் என்று 2013-இல் முதலாளிக்குக் கடிதம் கொடுத்தார். இரண்டு வாரத்தில் வேலை போனது. ஏழு வருடம் வழக்கு நடந்து, தீர்ப்பு வர ஒரு மாதம் இருக்கும்போது இறந்துபோனார்.

அந்த வழக்கில் நான் கவனித்தது வேறொன்று. அவருடைய முதலாளி காரணத்தை மறைக்கவே இல்லை. இவர் ஆணாக வரமாட்டேன் என்றார், அதனால் அனுப்பினேன் என்று விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அப்படிச் சொல்வது தப்பில்லை என்று நினைத்திருந்தார்கள். இன்றைக்கு உன் மேனேஜர் அப்படிச் சொல்லவே மாட்டார். ஆட்குறைப்பு என்பார், வேலைத்திறன் போதவில்லை என்பார். அங்கே பெரும்பாலான வேலைகளில் காரணமே சொல்லாமல் அனுப்பலாமாம். இங்கே போல நோட்டீஸ், விளக்கம், உள்விசாரணை என்று எதுவும் கிடையாது. சட்டம் தடுப்பது தப்பான காரணத்தை மட்டும்தான். அந்தக் காரணம் இதுதான் என்று காட்ட வேண்டியது நீ.

அதனால் சொல்வதற்கு முன்பே ஆதாரத்தைச் சேர்த்து வை. இதுவரை வந்த வேலை மதிப்பீடுகள், பாராட்டி வந்த மெயில்கள், சம்பள உயர்வுக் கடிதம் எல்லாவற்றையும் தேதியோடு குறித்துக்கொள். கம்பெனி ரகசியம் எதையும் உன் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதே, அதையே காரணமாகப் பிடிப்பார்கள். மேனேஜரிடம் நேரில் பேசினாலும் அன்றைக்கே 'நாம் பேசியபடி' என்று ஆரம்பித்து ஒரு மெயில் போடு. அதுவரை நல்ல மதிப்பெண், சொன்ன மறுமாதமே மோசமான மதிப்பெண் என்றால், அந்த இரண்டு தேதிகள் பேசுகிற அளவுக்கு எந்த வக்கீலும் பேசமாட்டார்.

இன்னும் சில விஷயங்கள். பதினைந்து பேருக்குக் குறைவான கம்பெனிக்கு டைட்டில் 7 செல்லாது. மாநிலச் சட்டம் கைகொடுக்கலாம், கலிஃபோர்னியாவில் ஐந்து பேர் இருந்தாலே போதும். கழிப்பறை, உடை பற்றிய கேள்விகளுக்கு 2020 தீர்ப்பு பதில் சொல்லாமல் விட்டுவிட்டது. புகார் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்துக்குப் போக வேண்டும். சம்பவம் நடந்து 180 நாளுக்குள், பல மாநிலங்களில் 300 நாளுக்குள். ஆணையம் வழக்குப் போட அனுமதிக் கடிதம் கொடுத்தால் அதிலிருந்து 90 நாள். ஆனால் 2025-இல் அதே ஆணையம், திருநர் ஊழியர்களுக்காகத் தானே போட்டிருந்த சில வழக்குகளைக் கைவிடக் கேட்டது. தீர்ப்பு அப்படியே நிற்கிறது, உனக்காக வாதாடப் போகிறவர்தான் விலகி நிற்கிறார். சொந்த வக்கீல் ஒருவரை இப்போதே விசாரித்து வை.

எனக்குத் தூக்கம் கெடுவது விசாவை நினைத்துத்தான். வேலை போனால் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள்தானே? புகார் கொடுக்க ஆறு மாதம் தருகிறார்கள், ஊரைக் காலி செய்ய இரண்டு மாதம். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் உன்னைப் போன்றவர்களை நினைத்தே பார்க்கவில்லை. குடியேற்ற வக்கீலையும் ஒருமுறை பார்த்துவிடு, செலவைப் பார்க்காதே.

சரிப்படாவிட்டால் திரும்பி வந்துவிடுகிறேன் என்றாயே. தாராளமாக வா, வீடு இருக்கிறது. இங்கே இந்தியாவில் 2019-இல் வந்த சட்டத்தின்படி எந்த நிறுவனமும் வேலையிலும் பதவி உயர்விலும் திருநரிடம் பாகுபாடு காட்டக் கூடாது, புகார் அதிகாரி ஒருவரையும் நியமிக்க வேண்டும். எத்தனை கம்பெனிகள் நியமித்திருக்கின்றன என்று என்னிடம் கேட்காதே. இரண்டு பள்ளிகளில் வேலை பறிபோன திருநங்கை ஆசிரியை ஒருவருக்கு இழப்பீடு கிடைக்க, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. உன் நண்பன் மாதிரி தன்பாலீர்ப்பாளர் என்றால், தனியார் கம்பெனியில் அவனுக்கென்று நேரடியாக ஒரு சட்டமும் இன்னும் இல்லை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை 2018-இல் தளர்த்தியதோடு நிற்கிறது. அதனால் இங்கே வந்தால் எல்லாம் சரியாகும் என்று நான் ஆசை காட்டமாட்டேன்.

அப்புறம், வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட காகிதங்களில், தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் மன்றத்தில்தான் தீர்த்துக்கொள்வேன் என்று ஒரு ஷரத்து இருக்கிறதா பார். அப்படி இருந்தாலும் ஆணையத்தில் புகார் கொடுப்பதை அது தடுக்காது. ஆனால் வக்கீல் முதலில் கேட்கப் போவது அதைத்தான். கண்டுபிடித்தால் அந்தப் பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பு. பெயர் மாற்றக் கேட்டு நீ எழுதப் போகும் மெயிலையும் அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டு. உன் இங்கிலீஷைத் திருத்த மாட்டேன், தேதி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா