முதல் இரண்டு நாள் கூலியை யார் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழை பிடித்தால் போதும், காய்ச்சல் முகாம் நடந்த செய்தியும் படமும் உங்கள் நாளிதழில் வந்துவிடும். வரிசையாக நிற்க வைத்துக் கை கழுவிக் காட்டுவார்கள். நல்லதுதான். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 22 வருடமாகச் செக்கிங்கில் (தைத்து வந்த பீஸில் ஓட்டை, கறை பார்க்கும் வேலை) இருக்கிறேன், அதில் கடைசி ஏழு வருடம் சூப்பர்வைசர். அந்தப் படத்தில் வராத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. ஷிப்மென்ட்டுக்கு ஆறே நாள். ஊத்துக்குளிப் பக்கமிருந்து வரும் பெண் ஒருத்தி, "அக்கா, ஒடம்பு அனலாக் கொதிக்குதுங், காலு ரெண்டும் கடுக்குதுங்" என்றாள். லீவு கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள். மாதம் 26 நாளும் வந்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் 1,000 ரூபாய். ஒரு நாள் விட்டாலும் முழுசாகப் போச்சு. அவள் அதுவரை 17 நாள் விடாமல் வந்திருந்தாள். நான் என் பையிலிருந்து ஒரு பாராசிட்டமால் எடுத்துக் கொடுத்து, "ரெண்டு நாளைக்குச் சமாளிச்சுக்க கண்ணு, ஷிப்மென்ட் போயிரட்டும்" என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

செக்கிங் டேபிளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ட்யூப்லைட்டுக்குக் கீழே ஒரு மேஜை. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் பீஸ் குவியல். பேசாமல் பத்து மணி நேரம் உட்கார முடியுமா? பஞ்சுத் தூசிக்காகக் கொடுத்த மாஸ்க் எல்லாருக்கும் தாடையில்தான் தொங்கும். (2020-ல் ஊரெல்லாம் மாஸ்க் தைத்து அனுப்பினோம், போட மட்டும் பழகவில்லை.) பின்னாலிருந்து ஒரு ஸ்டாண்ட் பேன் ஒருத்தி தும்மலை மற்ற ஐந்து பேருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர்க் கேனுக்குச் சங்கிலி போட்ட ஒரே டம்ளர். சாயங்காலம் வேனில் 19 பேர், சாரலுக்குக் கண்ணாடியெல்லாம் சாத்தியபடி.

புதன்கிழமை எதிரில் இருந்தவளுக்குக் காய்ச்சல். வியாழன் இன்னும் இரண்டு பேர். வெள்ளிக்கிழமை அயர்னிங்கில் ஒருவர். அவர் அதே வேனில் வருபவர். மொத்தம் 9 பேர், நான் எட்டாவது ஆள். என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: 31 ஆள்நாள் போயிற்று. போதாததற்கு, காய்ச்சலோடு உட்கார்ந்தவர்கள் கண்ணுக்கு ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தப்பிவிட, சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து பார்த்துவிட்டுக் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகளையெல்லாம் மறுபடி பிரிக்கச் சொன்னார். அந்தத் திங்கட்கிழமையே அவளை இரண்டு நாள் கூலியோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் செலவு 900 ரூபாய்.

அதுதான் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. எங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 75 பைசா பிடிக்கிறார்கள், முதலாளி நூற்றுக்கு 3.25 ரூபாய் கட்டுகிறார். உடம்பு முடியாத நாளுக்குக் கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை உண்டு. ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது, மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு. ஃப்ளூ என்கிற வைரஸ் காய்ச்சலோ, உடம்பு சுடுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவுகிறது. அதிகமாகப் பரவுவது முதல் மூன்று நாளில்தான். எந்த நாளில் ஒருத்தி கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டுமோ அந்த நாளுக்குத்தான் கூலி இல்லை. காசு இல்லாத இரண்டு நாளுக்கு டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று சீட்டு வாங்குவதைவிட மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கே வந்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். மாத்திரை போட்டு வந்தவள் நெற்றியில் கேட்டில் வாட்ச்மேன் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் பிடித்தால் 98தான் காட்டும்.

அந்த இரண்டு நாளைக் கம்பெனி ஏற்றுக்கொள்ள வேண்டும், போனஸிலும் கை வைக்கக் கூடாது. எங்கள் முதலாளியிடம் கேட்டேன். "ஏனுங்க்கா, ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாத்துக்கும் காய்ச்சல் வந்துருமுங்களே" என்றார். "குடுக்காமயே வந்துருச்சுங்களே" என்றேன். சிரித்துவிட்டார். காய்ச்சலுக்குப் போனஸை வெட்டுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்; கூலி இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. இதுவும் மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும். தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லருக்கு வராத நாள் வராத காசுதான்.

மற்றதெல்லாம் மழைக்கு முன்பே செய்துகொள்ளக் கூடியவை. செக்கிங் ஆளுக்குப் பேக்கிங் தெரிந்திருந்தால், டெய்லருக்குக் கூடமாட உதவும் கைமடி ஆளுக்கு டேக் அடிக்கத் தெரிந்திருந்தால், ஒருத்தி லீவு போட்டதும் சூப்பர்வைசர் என்னைப் போலக் கெஞ்ச வேண்டியதில்லை. சங்கிலி டம்ளரைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொல்லிவிட்டோம். குழாயடியில் சோப்பு தீர்ந்தால் மாற்றி வைப்பது யார் வேலை என்று ஒருவர் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறோம்; அதற்கு முன் அது யார் வேலையும் இல்லை. ஃப்ளூ தடுப்பூசி வருடா வருடம் போட வேண்டியது, உடம்பில் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதனால் புரட்டாசியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. போட்டாலும் சிலருக்குக் காய்ச்சல் வரும், ஆனால் பெரும்பாலும் படுக்கையில் தள்ளாது. கர்ப்பிணிகளும் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டு முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். மெடிக்கலில் "ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போடுகிறோமே, அதில் ஆன்டிபயாடிக் இருந்தாலும் அது வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப ஏறினாலோ ஷிப்மென்ட்டாவது மண்ணாவது, நேராக ஆஸ்பத்திரி.

ஹாஸ்டலில் ஒடிசாப் பிள்ளைகளும் பீகார்ப் பிள்ளைகளும் ஒரு அறைக்கு எட்டுப் பேராகப் படுத்திருக்கிறார்கள். அவர்களிடம் வீட்டுக்குப் போ என்றால் எந்த வீட்டுக்குப் போவார்கள்? ஒரு அறையைக் காலியாக வைத்து, வேளைக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்க ஆள் போட வேண்டும். நோட்டீஸும் தமிழில் மட்டும் ஒட்டினால் அவர்களுக்குச் சுவரும் நோட்டீஸும் ஒன்றுதான்.

அந்தப் பெண்ணால் கடைசியில் புதனும் வியாழனும் எழுந்திருக்கவே முடியவில்லை. 1,000 ரூபாயும் போயிற்று. பொங்கல் கழிந்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். அங்கே அட்டெண்டன்ஸ் போனஸ் 1,500-ஆம்.

இப்படிக்கு,
செக்கிங் சூப்பர்வைசர் ஒருவர்,
பெருமாநல்லூர்.

(பெயர் போட வேண்டாங்க. திங்கட்கிழமை வேலைக்குப் போகணும்.)