கோட்பாட்டு இயற்பியலாளர்களுக்கு மண்டபம் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

துகள் இயற்பியலிலும் அண்டவியலிலும் காகிதமும் சாக்பீஸுமாக வேலை செய்கிற தமிழர்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். நான் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் ஊருக்கு வாருங்கள். ஆனால் சொற்பொழிவு வேண்டாம். உங்கள் வேலையை எங்கள் பிள்ளைகள் கண்ணெதிரே செய்யுங்கள், அது பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் வரைக்கும்.

சொற்பொழிவுக்கு இங்கே பஞ்சமே இல்லை. அப்துல் கலாம் பிறந்த தீவு பாலத்துக்கு அந்தப் பக்கம். பேக்கரும்பில் அவர் நினைவிடம். பிப்ரவரி 28 அறிவியல் நாள் வந்தால் வெளியூரிலிருந்து யாராவது ஒரு பெரியவர் வந்துவிடுவார். மேடையில் கலாம் படம், அதற்கு மாலை, அப்புறம் ராக்கெட், ஏவுகணை, 'கனவு காணுங்கள்'. கைதட்டல், சால்வை, குரூப் போட்டோ. மதியச் சாப்பாடு முடிந்ததும் கார் தனுஷ்கோடிக்குக் கிளம்பிவிடும், அரிச்சல்முனையில் செல்ஃபி எடுக்க. கலாமே திருச்சியில் இயற்பியல் பட்டம் வாங்கிய பிறகுதான் விமானப் பொறியியலுக்குப் போனார். அந்த முன்பாதி எங்கள் மேடைகளில் வருவதே இல்லை. கனவு காணச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்து விட்டது. ஆராய்ச்சி செய்கிறவர் காலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து என்னதான் செய்கிறார் என்று மட்டும் ஒருவரும் சொன்னதில்லை.

நான் எதைக் கேட்கிறேன் என்பது புரிய, பன்னிரண்டாம் வகுப்பில் போட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். அணுக்கருவுக்குள் புரோட்டானையும் நியூட்ரானையும் பிடித்து வைத்திருக்கும் விசை மிகக் குறுகிய தூரத்துக்குத்தான் எட்டும். அந்த விசையை ஒரு துகள் சுமந்து செல்கிறது என்றால், தூரம் குறையக் குறைய அந்தத் துகள் கனமாக இருக்க வேண்டும் என்று 1935இல் ஹிடேகி யுகாவா சொன்னார். மீசான் என்ற எண்ணம் பிறந்தது அப்படித்தான். பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் சேர்த்து அணுக்கருவுக்குத் தோதான அலகில் எழுதினால் 197 என்று ஓர் எண் கிடைக்கும். விசை எட்டும் தூரம் 2 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி என்பது மீட்டரில் கோடி கோடியில் ஒரு பங்கின் பத்தில் ஒன்று) என்று வைத்துக்கொண்டு 197ஐ அதால் வகுத்தால், துகளின் நிறை கிட்டத்தட்ட 100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். துகள்களின் நிறையை இந்த ஆற்றல் அலகில்தான் சொல்வார்கள். எலக்ட்ரானைப் போல ஏறக்குறைய 200 மடங்கு. யுகாவாவின் கணிப்பும் அந்த அளவில்தான் இருந்தது.

இதைப் பலகையில் போட்டதும் ஒருவன் எழுந்து, "சார், புத்தகத்துல அணுக்கரு ஆரத்துக்கு 1.2னு போட்டிருக்கே, அதை வச்சா?" என்றான். வைத்தோம், 164 வந்தது. இன்னொருத்தி 1.4 வைக்கச் சொன்னாள். 141. பையான் என்ற மீசானை 1947இல் பிரிஸ்டலில் பவல், லாட்டஸ், ஒக்கியாலினி குழு புகைப்படத் தகடுகளில் கண்டுபிடித்ததையும், மின்னேற்றம் உள்ள பையானின் நிறை அதே அலகில் 139.6 என்பதையும் அப்போதுதான் சொன்னேன். "அப்ப 1.4தான் கரெக்ட்!" என்று ஒரே சத்தம். விடையைத் தெரிந்துகொண்டு பின்பக்கமாக நடந்து வருவது எது, நியாயமான ஊகம் எது என்று பிரித்துக் காட்ட அந்த நிமிடத்தில் உங்களில் ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் அது இல்லை. வாழ்நாள் முழுக்க அதையே செய்கிறவர் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்லவும் வராது.

அதற்கு அப்புறம் நடந்த கூத்து இன்னும் நன்றாக இருக்கும். யுகாவா சொல்லி ஓரிரு வருடத்திலேயே, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் 106 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நிறையில் ஒரு துகள் அகப்பட்டது. இதுதான் அது என்று பலரும் நம்பினார்கள். ஆனால் அது அணுக்கருவைச் சட்டையே செய்யாமல் போகிற துகள் என்று ரோமில் கான்வெர்சி, பான்சினி, பிச்சியோனி மூவரும் செய்த சோதனை காட்டிக்கொடுத்தது. யுகாவா சொன்ன துகள் அப்படி இருக்க முடியாது. அகப்பட்டது மியூவான், எலக்ட்ரானுக்குக் கனமான அண்ணன் மாதிரி ஒரு துகள். பத்து வருடம் ஆள் மாறாட்டம்! இடையில் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் தேபேந்திர மோகன் போஸும் பிபா சௌத்ரியும் தகடுகளை வைத்து, எலக்ட்ரானைப் போல சுமார் 200 மடங்கு நிறையுள்ள துகளின் தடங்களைப் பார்த்து எழுதியிருந்தார்கள். போர்க்காலத்தில் நல்ல தகடு கிடைக்காமல் அவர்கள் வேலை நின்றுபோனது. அதே தகடு முறையை வளர்த்தெடுத்ததற்காகவும் அதில் மீசான்களைக் கண்டதற்காகவும் 1950இல் பவலுக்கு நோபல் வந்தது. பிபா சௌத்ரியின் பெயரைக் கேட்ட பிள்ளை எங்கள் பள்ளியில் ஒன்றுகூட இல்லை.

இதெல்லாம் எங்கோ நடப்பதல்ல. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் பையான்கள் கண் இமைப்பதற்குள் சிதைந்து மியூவானாகின்றன. அந்த மியூவான்கள் பாம்பன் பாலத்தின் மேலும், வாடியில் காயும் கருவாட்டின் மேலும் இந்த நிமிடமும் விழுகின்றன, கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று என்ற கணக்கில். மியூவானின் ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் 660 மீட்டரில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடிவதில்லை. இப்படி வேகமாக வரும் துகளுக்குக் காலம் மெதுவாக நகர வேண்டும் என்று ஹோமி பாபா 1938இலேயே சுட்டிக்காட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு நாம் புவிகாந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஆற்றல் குறைந்த கதிர்களைப் பூமியின் காந்தப்புலம் இங்கே அதிகமாகத் திருப்பி அனுப்பிவிடும், தப்பி வருகிறவை எல்லாம் முரட்டு ஆற்றல் உள்ளவை. ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தின் மியூவான் தொலைநோக்கியை வைத்து, 2014 டிசம்பரில் ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கணக்கிட்டார்களே, அந்த மியூவான்களின் உறவுக்காரர்கள்தான் எங்கள் தலையிலும் விழுகிறார்கள்.

சரி, அண்டத்துக்கு வருகிறேன். மடல் எழுத வேண்டும் என்று தோன்றியதே அங்கேதான். 1964 என்று வகுப்பில் சொன்னால் இங்கே எல்லாப் பிள்ளையும் "புயல்" என்றுதான் சொல்லும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருடம். அதே வருடம் அமெரிக்காவில் குரோனினும் ஃபிட்சும் தங்கள் குழுவோடு கேயான் என்ற மீசானைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட ஆயுளுள்ள கேயான் இரண்டு பையானாகச் சிதையவே கூடாது என்பது அன்றைய விதி. ஆயிரத்துக்குச் சுமார் இரண்டு அப்படிச் சிதைந்தது. பொருளையும், அதற்கு நேர்மாறான மின்னேற்றம் கொண்ட துகள்களால் ஆன எதிர்ப்பொருளையும் இயற்கை ஒரே கண்ணால் பார்க்கவில்லை என்பதற்கு அது சாட்சி. 1967இல் சோவியத் இயற்பியலாளர் சகாரோவ் அதைப் பிடித்துக்கொண்டு, ஆரம்பத்தில் சரிசமமாக இருந்த அண்டத்தில் பொருள் மட்டும் மிஞ்ச என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று எழுதினார். எதிர்த்துகள் நூறு கோடி என்றால் துகள் நூறு கோடியே ஒன்று. மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டது போக மிஞ்சிய அந்த ஒன்றுதான் கடலும் நாமும்.

ஒரு மாணவி கேட்டாள். அவள் அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். "அப்ப அந்த ஒண்ணு எங்கேயிருந்து சார் வந்துச்சு?" யாருக்கும் தெரியாது, இப்போதுள்ள கோட்பாட்டில் கேயானும் பி-மீசான் என்ற இன்னொரு மீசானும் காட்டும் வேறுபாட்டை வைத்துக் கணக்குப் போட்டால் விடை கோடிக்கணக்கான மடங்கு குறைகிறது என்றேன். அவள் நம்பவில்லை. சாருக்குத் தெரியவில்லை, மெட்ராஸில் கேட்டால் தெரியும் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

அவளிடம் வந்து, "எங்களுக்கும் தெரியாதும்மா, போன வாரம் நான் இதில் இப்படி முயன்றேன், இந்த இடத்தில் சிக்கிக்கொண்டேன்" என்று உங்களில் ஒருவர் சொல்ல வேண்டும். எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

பேசுவதற்குச் சரக்கா இல்லை? அண்டம் பிறந்து சில பத்து மைக்ரோ நொடிக்குள் புரோட்டானுக்கும் மீசானுக்கும் உள்ளே இருக்கும் குவார்க் துகள்களின் குழம்பு ஆறி, பையானும் புரோட்டானுமாக உறைந்தது. அந்த மாற்றம் திடீரென்று நடந்திருந்தால் குமிழி குமிழியாகப் பிரிந்து தடயம் விட்டிருக்கும் என்ற ஆசை 1980களில் இருந்தது. 2006இல் பெரிய கணினிக் கணக்குகள் வந்து, இல்லை, வழுக்கிக்கொண்டு மெதுவாகவே மாறியது என்றன. அப்புறம் அண்டப் பெருவீக்கம், அதாவது பிறந்த கணத்திலேயே அண்டம் பிரமாண்டமாக ஊதியது என்ற கருத்து. முக்கானோவும் சிபிசோவும் 1981இல் எழுதியபடி, இன்றைய விண்மீன் மண்டலங்களுக்கு விதை குவாண்டம் நடுக்கம். அண்டத்தின் இளமைக் காலத்து ஒளியின் மிச்சத்தில் 1992இல் கோபி செயற்கைக்கோள் கண்ட வெப்பநிலை வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் ஆழக் கடலில் ஒரு சென்டிமீட்டர் அலை எழுந்தது போல. வெற்றிடத்தின் ஆற்றலை நேரடியாகக் கணக்கிட்டால் ஒன்றுக்குப் பின்னால் 120 பூஜ்யம் போடும் அளவுக்குத் தப்பு வருகிறதே, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய ஆட்களின் தப்புக் கணக்கு என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உயிர்.

மீனவர் பிள்ளைகளுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கடல் ஆராய்ச்சி, மீன் வளர்ப்பு என்றால் சரி, பையான் எதற்கு என்பார்கள். துகள் முடுக்கியை யாரும் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கொண்டுவரப் போவதில்லை. ஆனால் கோட்பாட்டுக்கு அது தேவையில்லையே. ஆய்வுக் கட்டுரைகள் 1991 முதல் ஆர்க்கைவ் என்ற இணையக் களஞ்சியத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, மண்டபத்தில் செல்போன் டவரும் இருக்கிறது. இல்லாதது பேசுவதற்கு ஓர் ஆள். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் குடும்ப வீட்டில் மாணவர்களைக் கூட்டி வைத்துக் கருத்தரங்கு நடத்தினார். நீல்ஸ் போர்கூட 1960இல் அங்கே வந்து பார்த்தார். 1962 ஜனவரியில் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது அந்த வீட்டுப் பேச்சிலிருந்துதான். எங்களுக்கு நிறுவனம் வேண்டாம், அந்த வீட்டுப் பேச்சு போதும்.

நடைமுறை விஷயம். தடைக்காலத்தில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடலுக்குப் போகிற பெரிய பையன்களும் வீட்டில் இருப்பார்கள், பள்ளிக்கும் மே மாதம் விடுமுறை. சென்னையில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் மண்டபம். மூன்று நாள் தங்குங்கள். பவர்பாயிண்ட் வேண்டாம், இரண்டு கரும்பலகை வைத்திருக்கிறோம். நீங்கள் தீர்த்து முடித்த கணக்கு ஒன்று, தீராத கணக்கு ஒன்று, இரண்டும் போதும். போகும்போது பத்துப் பயிற்சிக் கணக்குகளை விட்டுச் செல்லுங்கள். பிள்ளைகள் போட்டு அனுப்பினால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும், அதை மட்டும் கறாராகக் கேட்கிறேன். மாலை, சால்வை கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. தடைக்காலத்திலும் நாட்டுப்படகு மீன் கிடைக்கும், சைவம் என்றால் இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
மண்டபம் ஒன்றியம், ராமநாதபுரம் மாவட்டம்