என்ன வரைவது என்பதை அவர்களிடமே விட்டுவிடு

அன்பின் குமரன்,

ஜேர்மனியின் டோர்ட்முண்டில் உக்ரைனிலிருந்து வந்த பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு தொடங்கியிருக்கிறாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ‘விட்டுவந்த வீட்டை வரையுங்கள்’ என்றதும் பாதிப் பேர் தாளைத் தொடவே இல்லை என்று எழுதியிருந்தாய். அது எனக்கு வியப்பாக இல்லை.

நம் மட்டக்களப்பில் 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நீ மறந்திருக்க மாட்டாய். 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே விழுந்த பிளவு ஆறாதிருந்த அந்தக் காலத்தில், இரு சமூகப் பிள்ளைகளையும் ஊர்களிலிருந்து பேருந்தில் அழைத்துவந்து களிமண், வர்ணம், கதை, நாடகம் என்று ஒன்றாகப் பழகவிட்டார்கள். கற்பனைக்கும் விளையாட்டுக்கும் இடம் கொடுத்தார்களே தவிர, நடந்ததைக் கிளறவில்லை.

அந்த ஆண்டுகளில் என் வகுப்பில், அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பையன் களிமண்ணில் மாடு செய்வான். மணி அடிப்பதற்குள் அதைப் பிசைந்து மீண்டும் உருண்டையாக்கிவிடுவான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பல வாரங்களுக்குப் பிறகு, கொம்பு ஒடியாமல் நிற்க உள்ளே வைப்பதற்கு ஈர்க்குத் துண்டு இருக்கிறதா என்று அவனாகவே வந்து கேட்டான். எப்போது புறப்படுவது, எதை எடுத்துச் செல்வது என்று எதையும் தீர்மானிக்க விடாத போரிலிருந்து வந்த பிள்ளைக்கு, எதைச் செய்வது, எதை அழிப்பது என்று தானே முடிவெடுப்பதுதான் முதல் மருந்து என்று நான் நம்புகிறேன்.

நாஜிகள் 1942 டிசெம்பரில் யூதர்களை அடைத்துவைத்த டெரெசின் முகாமுக்கு அனுப்பிய ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், தமது பயணச் சுமையில் பெரும்பகுதியை ஓவியப் பொருட்களாகவே கொண்டுபோய் அங்கே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். வெறும் எண்களாக்கப்பட்டிருந்த அவர்கள் ஒவ்வோர் ஓவியத்திலும் தங்கள் பெயரை எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1944 ஒக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் எஞ்சிய ஏறக்குறைய 4,500 ஓவியங்களில் பூக்களும் வீடுகளும் நிறைய இருக்கின்றன.

ஆகவே களிமண்ணும் தடித்த தூரிகைகளும் வாங்கி வை; தலைப்புக் கொடுக்காதே. உறக்கமே இல்லாமல் தவிக்கும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை யாராவது இருந்தால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் சேர்ப்பி. அந்தப் பொறுப்பை ஓவிய வகுப்பு மட்டும் சுமக்க முடியாது.

நகர மண்டபத்தில் கண்காட்சி வைக்கக் கேட்கிறார்கள் என்றாயே, அதற்கு இப்போதே ஒப்புக்கொள்ளாதே. முதலில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னாலும் அந்த ஓவியத்தை அவரிடமே கொடுத்துவிடு.

அன்புடன்,
சிவா