“பனிக்காலத்துக்குத் தயார்” என்று எழுதி விற்ற போர்ஷே 911 குறித்த புகார்

உரிமையாளர் அவர்களுக்கு,
பாவித்த வாகன விற்பனை நிலையம்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.

பொருள்: நவம்பர் 14 விற்பனை ஒப்பந்தம் – 2007 போர்ஷே 911 கரேரா 4எஸ் (997 வகை, ரிப்ரோனிக் என்ற தானியங்கிக் கியர், ஓட்டம் 118,000 கி.மீ.)

ஐயா,

மேற்படி ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் உங்கள் விற்பனையாளர் தன் கைப்பட ஒரு வரி எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறார்: “நாலு சில்லும் இழுக்கும், பனிக்காலத்துக்குத் தயார்.” அதில் முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பித்தான் விலை பேசி முடிக்கப்பட்டது. அந்தப் பாதிக்கு இந்தக் காரில் எந்த ஆதாரமும் இல்லை என்பதே என் புகார்.

911 பனிக்கு ஆகாத கார் என்று நான் சொல்ல வரவில்லை. என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் இழுக்கும் சில்லுகளின் மேல் நல்ல பாரம் விழுகிறது. 997இன் முதல் தலைமுறை நாலு சில்லு இழுவைக் கார்களில் விஸ்கஸ் கப்ளிங் என்ற, தடித்த திரவத்தால் இயங்கும் ஓர் இணைப்பு தேவைக்கேற்ப 5 முதல் 40 வீதம் வரையான இழுவையை முன்சில்லுகளுக்கு அனுப்பும். சரியான ரயரோடு இது பனியில் அழகாகப் புறப்படும். ஆனால் சிவப்பு விளக்கில் நிற்பதற்கும் வளைவில் வழுக்காமல் திரும்புவதற்கும் நாலு சில்லு இழுவை உதவாது. அது முழுக்க ரயரின் வேலை.

அந்த ரயரிலிருந்தே தொடங்குகிறேன். “எல்லாப் பருவத்துக்குமான ரயர்” என்று விலைப்பட்டியலில் இருக்கிறது. காரில் இருப்பவை முன்னால் 235/35, பின்னால் 305/30, இரண்டும் 19 அங்குலம், நாலும் கோடைகால ரயர்கள். ஓரச்சுவரில் சேற்றுக்கும் பனிக்குமான எம்+எஸ் குறியும் இல்லை, மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த குறியும் இல்லை. கோடை ரயரின் இறப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். சுழியத்துக்குக் கீழே போனால் தவாளிப்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பிடிமானம் இராது. பின் ரயரின் ஓரச்சுவரில் பொறித்த தயாரிப்பு எண்ணான டொட் எண்ணின் கடைசி நாலு இலக்கம் 2317, அதாவது 2017ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. முன் ரயர்கள் வேறு கம்பனி, வேறு தேய்மானம். சாதாரணக் காரில் இது அழகுக் குறை மட்டும்தான். இந்தக் காரில் முன்சில்லும் பின்சில்லும் தங்களுக்கென்று வகுத்த விகிதத்தைவிட்டு விலகி உருண்டால், நேரான வீதியிலும் அந்த விஸ்கஸ் கப்ளிங் ஓயாமல் உரசிச் சூடேறிக்கொண்டே இருக்கும். போர்ஷே தான் ஒப்புக்கொண்ட ரயர்களில் ‘என்’ குறி போட்டு, நாலையும் ஒரே வகையில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

இன்னொன்று, 305 அகலம். அகலமான ரயர் புதுப்பனியை வெட்டி இறங்காமல் அதன்மேல் மிதக்கும். இந்த வகைக்குப் பனிக்காலத்தில் பொருந்துவது 18 அங்குலச் சில்லில் முன்னால் 235/40, பின்னால் 295/35. அகலம் சற்றுக் குறைகிறது, ஓரச்சுவரோ பின்னால் 91 மில்லிமீற்றரிலிருந்து 103க்கு உயர்கிறது. பெப்ரவரியில் உறைந்து உருகி வெடிக்கும் ரொறன்ரோ வீதிக் குழிகளில் அந்த 12 மில்லிமீற்றர் சில்லு வளையாமல் காப்பாற்றும். கியூபெக்கில் பதிவான காராக இருந்திருந்தால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இந்த ரயரோடு தெருவில் இறங்கவே சட்டம் விடாது. ஒன்ராறியோவில் அந்தச் சட்டம் இல்லை என்பதற்காக இவை பனிக்கால ரயர் ஆகிவிடா. இங்கே 2016 முதல் காப்புறுதிக் கம்பனிகள் பனிக்கால ரயருக்காகக் கொடுக்கவேண்டிய கட்டணக் கழிவும் இந்த நாலுக்கும் கிடைக்கவில்லை.

அடுத்தது கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். கருவி வைத்துப் பார்த்ததில் மைனஸ் 14 வரைதான் தாங்கும் என்று காட்டுகிறது. பாதிக்குப் பாதி கலவையாக இருந்தால் மைனஸ் 35ஐயும் தாண்டித் தாங்கியிருக்கும். யாரோ வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். பின்னாலுள்ள என்ஜினுக்கும் முன் பம்பருக்குள் இருக்கும் ரேடியேற்றர்களுக்கும் இடையே காரின் முழு நீளத்துக்கும் குழாய் ஓடுகிறது. மைனஸ் 20இல் வெளியே நிற்கும் காரில் இந்தக் கலவை கூழாக உறையத் தொடங்கினால் சுற்றோட்டம் நின்று என்ஜின் சூடேறும். தண்ணீர் ஊற்றவேண்டி வந்தது ஏன் என்பதுதான் பெரிய கேள்வி. கசிவு வோட்டர் பம்பிலா, ரேடியேற்றரிலா என்று அழுத்தச் சோதனை செய்யாமல் மேலே ஊற்றி மூடிவிட்டீர்கள். பம்பரின் காற்று வாய்க்குள் கைவிளக்கு அடித்துப் பாருங்கள்: பழைய இலைச்சருகும் உப்பும் சேர்ந்து ஏசியின் கண்டென்சரின் கீழ்மூலையை அரித்துத் தகடு பொடியாக உதிர்கிறது. குளிர்காலத்தில் ஏசி எதற்கு என்று உங்கள் ஊழியர் தொலைபேசியில் கேட்டார். சுழியத்துக்குச் சற்று மேலே நிற்கும் ஈரநாள்களில் முன்கண்ணாடியில் படியும் நீராவி மூட்டத்தைத் துடைப்பது அந்த ஏசிதான்.

பற்றரி ஓய்வில் 12.1 வோல்ற் காட்டுகிறது. முழுச் சார்ஜில் 12.6 இருக்கவேண்டும். குளிரில் பற்றரியின் வலு வேகமாகக் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இந்தக் காரில் பற்றரி செத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் விற்பவர் சொல்லியிருக்கவேண்டும். பற்றரி முன் பொனற்றுக்குள் இருக்கிறது, பொனற்றின் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. கதவைத் திறப்பு போட்டுத் திறந்து, சாரதியின் கால்பக்கம் பியூஸ் பெட்டி மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் சிவப்பு முனையை வெளியே இழுத்து அதில் பிளஸ் வயரையும், கதவுப் பூட்டுக் கொக்கியில் மைனஸ் வயரையும் பிடித்தால்தான் பொனற் திறக்கும். அந்த முனை என் காரில் அரைகுறையாக முறிந்து உள்ளே போயிருக்கிறது. முன்பும் இப்படி நடந்திருக்கிறது என்று அர்த்தம். கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டகம் கிடையாது, கைபிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால்தான் இறப்பரிலிருந்து விடுபடும். காய்ந்து வெடித்த இறப்பரில் ஈரம் உறைந்தால் கண்ணாடி இறங்காது, இழுத்தால் இறப்பர் கிழியும். வலப்பக்க இறப்பர் ஏற்கெனவே கிழிந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறது.

இவையெல்லாம் காசு போட்டால் தீர்ந்துவிடும். என்னை இக்கடிதம் எழுதவைத்தது என்ஜின்.

3.8 லீற்றர் எம்97 என்ஜினின் சிலிண்டர் சுவர் அலுமினியமும் சிலிக்கனும் கலந்த லோக்காசில். பிஸ்டனின் பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதியில் இரும்புப் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு உரிந்தால் அலுமினியத்தோடு அலுமினியம் உரசிச் சுவரில் கோடு கோடாகக் கீறல் விழும். குளிர்நாட்டுக் கார்களில் இது கூடுதலாக வருவதற்குக் காரணம் குளிரில் ஸ்ரார்ட் செய்வது: ஒயில் தடித்து மெதுவாக வரும், பெற்றோலோ கூடுதலாகத் தெளிக்கப்பட்டுச் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிவிடும். பெரும்பாலும் 4, 5, 6ஆம் சிலிண்டர்கள்தான் முதலில் அடிபடும். வெளியில் தெரியும் அறிகுறிகள் மூன்று: ஒரு பக்கத்துப் புகைக்குழாய் மட்டும் கரிப்பிடித்திருக்கும், ஒயில் குறையும், சூடேறிய பிறகும் ஐட்லிங்கில் ‘டிக் டிக்’ என்று ஒரு தட்டல் கேட்கும். மூன்றும் இந்தக் காரில் இருக்கின்றன. 900 கி.மீ. ஓட்டத்துக்குள் ஒரு லீற்றர் ஒயில் ஊற்றியாயிற்று. விற்பனைக்கு முந்திய நாள் எடுத்த உங்கள் விளம்பரப் படத்தில் இரண்டு பக்கக் குழாய்களும் பளபளவென்று தேய்த்துத் துடைக்கப்பட்டிருப்பதையும் கவனித்தேன்.

இப்படிப்பட்ட என்ஜினில் நீங்கள் செய்த இரண்டு வேலைகள் இவை. ஒன்று, உங்கள் ரசீதின்படி ஊற்றிய சுமார் 8 லீற்றர் ஒயில் 15டபிள்யூ-50. இந்த என்ஜினுக்குப் போர்ஷே ஒப்புக்கொண்டவற்றுள் ஒன்று 0டபிள்யூ-40; முதல் எண் குறையக் குறைய ஒயில் குளிரில் இளக்கமாக ஓடும். ஜனவரிக் காலையில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தேனுக்கும் தண்ணீருக்கும் உள்ளது போன்றது. தட்டல் சத்தத்தை அடக்கத் தடித்த ஒயில் ஊற்றுவது பழைய தந்திரம். அது தெரியாத நிலையமாக உங்களை நான் நினைக்கவில்லை. இரண்டு, “பனிக்காலப் பொதி” என்று 650 டொலர் வாங்கிப் பூட்டிய றிமோட் ஸ்ராட்டர். அது ஒரு தடவைக்கு 15 நிமிடம் என்ஜினை நின்ற இடத்தில் இயக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த என்ஜினை அப்படி ஓடவிட்டால் பெற்றோல் சுவரைக் கழுவி ஒயிலில் போய்க் கலக்கும். இந்த என்ஜினை ஸ்ரார்ட் செய்து அரை நிமிடத்தில் புறப்பட்டு, ஒயில் சூடேறும்வரை சுற்றுவேகத்தை ஏற்றாமல் ஓட்டுவதே முறை. நோய்க்கு வழி செய்துவிட்டு அதற்குக் கட்டணமும் வாங்கியிருக்கிறீர்கள்.

அதே பொதியில் இன்னொரு 500 டொலர், அடிப்பாகத்துக்குக் கறுப்பு இறப்பர்ப் பூச்சு. 911இன் உடல் தகடு இருபுறமும் துத்தநாகம் பூசியது, அதற்கு இந்தப் பூச்சுத் தேவையில்லை. உப்பு அரிப்பது பிரேக் குழாய்களையும், சைலன்சர்க் கிளிப் ஆணிகளையும், ஏசிக் குழாய் இணைப்புகளையும்தான். கழுவாமல், உப்பு ஒட்டியிருக்கவே அவற்றின் மேலும் அடித்துவிட்டார்கள். இனி அந்தக் குழாய்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று எந்த மெக்கானிக்காலும் சுரண்டாமல் சொல்லமுடியாது. தண்ணீர் வடியும் இரண்டு துளைகளும் அடைபட்டிருக்கின்றன.

“பாதுகாப்புச் சான்றிதழோடுதானே கொடுத்தோம்” என்று உங்கள் முகாமையாளர் சொன்னார். அந்தச் சான்றிதழ் 36 நாளுக்குச் செல்லுபடியாகும், பிரேக்கும் விளக்கும் தவாளிப்பும் பார்க்கும். சிலிண்டர் சுவரையோ கூலன்டையோ அது பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிய வரிக்கு அது பதிலாகாது.

ஆகவே நான் கேட்பவை: முதலில், இருவரும் ஒப்புக்கொள்ளும், உங்களோடு தொடர்பில்லாத ஒரு போர்ஷே மெக்கானிக்கிடம், ஒயில் தட்டைக் கழற்றிக் கீழிருந்து கமரா விட்டு ஆறு சிலிண்டர்களையும் பார்க்கவேண்டும், செலவு உங்களுடையது. பிளக் துளையால் மட்டும் பார்த்த படங்களை ஏற்கமாட்டேன், கீறல் தொடங்கும் கீழ்ப்பகுதி அதில் சரியாகத் தெரியாது. கீறல் இருந்தால் ஒப்பந்தத்தை இரத்துச் செய்து முழுப் பணமும். இல்லையென்றால் மேற்சொன்ன அளவில் 18 அங்குலச் சில்லோடு நாலு பனிக்கால ரயர்கள், கூலன்ட் அழுத்தச் சோதனையும் புதுக் கலவையும், கண்டென்சர், பற்றரி, வலப்பக்க இறப்பர், பொதிக்கு வாங்கிய 1,150 டொலர் திருப்பி, றிமோட் ஸ்ராட்டரைக் கழற்றித் தருதல்.

இக்கடிதம் கிடைத்து 15 வேலைநாள்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. வராவிட்டால் மாகாண வாகன விற்பனையாளர் ஒழுங்குமுறை அமைப்பான ஒம்விக்கிடம் முறைப்பாடு போகும். தவறாக வழிநடத்தும் கூற்றை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ஓராண்டுக்குள் விலக்கிக்கொள்ள ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2002 தரும் உரிமையையும் பயன்படுத்துவேன்.

கார் கராச்சில் நிற்கிறது, ஸ்ரார்ட் செய்யப்படுவதில்லை. ஒயிலையோ கூலன்டையோ மாற்றவில்லை. இரண்டிலும் மாதிரி எடுத்துத் திகதியிட்ட போத்தலில் வைத்திருக்கிறேன். பரிசோதனைக்கு ஏற்றிச் செல்லத் தட்டு லொறி அனுப்பவும். காரின் வயிற்றுக்குக் கீழே அரைச்சாண்தான் இடைவெளி, அதனால் சரிவுப்பலகை நீளமானதாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
காரை வாங்கிய வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்தப் பிரதி, ரசீதுகள், ரயர் எண், புகைக்குழாய், கண்டென்சர், அடிப்பாகம் ஆகியவற்றின் படங்கள்