வாரத்துக்கு 35 மணி நேரம்

அன்புள்ள செல்விக்கு,

கிராமத்து மனநலப் பணிக்குப் போகிறாய். "நான் வளர்த்த வளர்ப்புதான் இவனை இப்படி ஆக்கிடுச்சா?" என்று ஏதாவது ஒரு தாய் கேட்காமல் இருக்கமாட்டாள். தயங்காமல் "இல்லைம்மா" என்று சொல். 1948இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) தாயைக் கைகாட்டினார். அந்தப் பழிக்கு ஆதாரம் தேறவேயில்லை. கொடுமையும் புறக்கணிப்பும் ஆபத்தைக் கூட்டும்தான். சாதாரணக் கண்டிப்போ செல்லமோ அந்த நோயைக் கொண்டுவராது. நோய் எந்த முகத்தோடு வருகிறது, எத்தனை மாதம் மூடி மறைக்கப்படுகிறது, தேறியவன் மறுபடி விழுகிறானா, இதிலெல்லாம்தான் வளர்ப்புக்கும் ஊர் வழக்கத்துக்கும் பங்கு.

அழாதே, வெளியே சொல்லாதே என்று வளர்ந்தவரிடம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார். தலைபாரம், மரத்துப்போகிறது, நெஞ்சு எரிகிறது என்று உடம்புதான் பேசும். தூக்கத்தைக் கேள்: எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, அப்புறம் கண் அசருகிறதா? எந்த வேலையை முதலில் விட்டார், அறுவடைக்கு முன்னாலா பின்னாலா? தேதி கேட்டால் கிடைக்காத தொடக்கம் இதில் கிடைத்துவிடும்.

வீட்டோடு நின்றது யார் என்றும் விசாரி. 1970களில் அயர்லாந்தின் கெர்ரி பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ், மூத்தவர்கள் வெளியூர் போய்விட, கடைசிப் பையனைக் கேலியாலும் மட்டம்தட்டியும் நிலத்தோடு நிறுத்திவைத்தார்கள் என்று எழுதினார். நோய்க்கே அதுதான் காரணம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கேள்வி மட்டும் உதவும். (அவர் ஊர்ப் பெயரை மாற்றி எழுதியும் ஊர்க்காரர்கள் தங்களை அடையாளம் கண்டு நொந்துபோனார்கள். குறிப்பேட்டில் எழுதும்போது இது நினைவிருக்கட்டும்.)

நீ அதிக நேரம் செலவிட வேண்டியது வீட்டுப் பேச்சில். மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களைப் பற்றி லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கி, கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற ஆய்வாளர்கள் 1976இல் தொகுத்த கணக்கைப் பார். குறைகூறலோ அளவு மீறிய அரவணைப்போ மிகுந்த வீட்டில், மருந்தில்லாமல், வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களில் 92 சதவீதம் பேர் 9 மாதத்துக்குள் மறுபடி நோயில் விழுந்தார்கள். அதே மாதிரி வீட்டில் மருந்தைத் தொடர்ந்து எடுத்து, எதிரெதிரே இருந்த நேரமும் குறைவாக இருந்தவர்களில் 15 சதவீதம்தான். சின்னக் குழுக்கள் என்பதால் எண்ணைப் பிடித்துத் தொங்காதே. சண்டிகரில் பார்த்தபோது இத்தகைய குடும்பங்கள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன.

குறைகூறலை வார்த்தையில் மட்டும் தேடாதே, தொனியில் கேள். "பத்து மணி வரைக்கும் தூங்குறான்" என்று சாதாரணமாகச் சொன்னால் அது தகவல். "தூங்குறா...ன்" என்று இழுத்துச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினால் குறை. முப்பது வயதுப் பிள்ளைக்கு ஊட்டிவிடுவதும், அவனைத் தனியே வெளியே விடாததும் இன்னொரு பக்கம், அது அளவு மீறிய அரவணைப்பு.

ஒரு வாரத்தை நாள்வாரியாக வரைந்து, யார் யார் எவ்வளவு நேரம் எதிரெதிரே இருக்கிறார்கள் என்று குறி. பிறகு பகலில் இரண்டு மூன்று மணி நேரத்தைப் பிரி: எளிய தோட்ட வேலை, மாடு மேய்ப்பு, சித்தப்பா வீடு. நேரத்தைக் குறைக்கிறேன் என்று அறையில் பூட்டிவிடுவார்கள். அது கூடவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடு.

திட்டுவதை நிறுத்தச் சொன்னால் யாரும் நிறுத்தமாட்டார்கள். சோம்பல் என்று நம்புவதால்தானே திட்டுகிறார்கள்? எழ மனம் வராமல் கிடப்பது நோயின் பகுதி, கொஞ்சம் மருந்தின் மயக்கமும்கூட என்று விளக்கு. மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அடுத்த முறை போ.

அன்புடன்,
அம்மா