பைக் ஃபாக் லேம்ப்புக்கு கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கினால் பைக்குகளில் ஃபாக் லேம்ப், மொபைல் சார்ஜர் மாட்டும் வேலை சூடுபிடித்துவிடும். சென்னை ஜி.பி. ரோடு தொடங்கி சின்ன ஊர்களின் ஆக்சஸரீஸ் கடைகள் வரை, வாசலிலேயே வண்டியை நிறுத்திக் கால் மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். லைட் எரிகிறது, வாடிக்கையாளரும் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கரண்ட்டை எந்த வயரிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பவர் மட்டும் அரிது. அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் இரண்டு விதமாக வேலையை முடிக்கிறார்கள். பேட்டரி முனையில் நேராகக் கொடுத்துவிடுவது ஒன்று. சாவி போட்டால் கரண்ட் வரும் ஏதோ ஒரு வயரின் தோலைச் சீவி, புது வயரைச் சுற்றி, டேப் ஒட்டிவிடுவது இன்னொன்று.

முதல் முறையில் சார்ஜர் சாவி இல்லாமலே இயங்கும். போன் செருகாவிட்டாலும் அதன் உள்ளே 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சர்க்யூட் சும்மா இருப்பதில்லை. நீல விளக்கும் வோல்ட் மீட்டரும் உள்ள மாடல் என்றால் 10 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 10 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு). 100, 125 சிசி வண்டிகளில் பேட்டரியே பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-அவர்தான். 4 ஆம்பியர்-அவர் பேட்டரி பாதியாக இறங்க எட்டு நாள் போதும். கொஞ்சம் பழைய பேட்டரி என்றால் அந்த நிலையில் செல்ஃப் எடுக்காது. இப்போதைய பல வண்டிகளில் கிக்கரும் இல்லை. பி.எஸ்.6 புகை விதி வந்த 2020-க்குப் பிறகு பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலை இன்ஜெக்டர்தான் தெளிக்கிறது. பெட்ரோல் பம்ப்புக்கும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வுக்கும் வோல்ட் கிடைக்காவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நிச்சயமில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஃபியூஸ் இல்லாமல் கொடுப்பது. சின்ன பேட்டரிதானே என்று நினைக்கக் கூடாது. பாசிட்டிவ் வயர் ஃபிரேமில் உரசித் தோல் கிழிந்து ஷார்ட் ஆனால், அந்தச் சின்ன பேட்டரியே பல பத்து ஆம்பியரை ஒரே நொடியில் தள்ளும். மெல்லிய வயர் சிவந்து எரிய அது தாராளம். வயர் போகும் பாதையோ பெட்ரோல் டேங்க்குக்கு அடியில். அதனால் ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்துவிட்டேன் என்கிறார்கள் சிலர். பேட்டரிக்கும் அந்த ஃபியூஸுக்கும் இடையில் கிடக்கும் ஒரு மீட்டர் வயருக்கு அப்போது காவல் இல்லை. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரைத்தான், லைட்டை அல்ல.

இரண்டாம் முறையின் சிக்கல் உடனே தெரியாது. சாவி ஸ்விட்ச் வழியாக ஏற்கெனவே ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், புது வண்டியில் ஈ.சி.யூ., பம்ப் என்று எல்லாம் போய்க்கொண்டிருக்கின்றன. 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிந்தே தீரும். ஆகவே அந்தச் சுமையும் பகலிரவாக உண்டு. அதே மெல்லிய வயரில் 55 வாட் ஹாலஜன் இரண்டைத் தொங்கவிட்டால் இன்னும் 9 ஆம்பியர். சாவி ஸ்விட்ச்சின் உள்ளே காண்டாக்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும், வயர்களை இணைக்கும் கப்ளர் மஞ்சளித்து உருகும். கடைசியில் ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அணையும், அல்லது மெயின் ஃபியூஸ் போகும். ஃபாக் லேம்ப்பில் ஏற்பட்ட கோளாறுக்கு இன்ஜினைப் பலி கொடுக்கும் வயரிங் அது.

சரியான வழி, சாவியிடமிருந்து உத்தரவை மட்டும் வாங்கிக்கொண்டு கரண்ட்டை பேட்டரியிலிருந்து தனியாக எடுப்பது. அதற்குத்தான் ரிலே, அதாவது சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். மடையைத் திறக்க ஒரு ஆள் போதும், தண்ணீர் அவன் கை வழியாகவா போகிறது? ரிலேயின் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர், அது திறந்துவிடும் பாதையில் 30 ஆம்பியர் வரை போகலாம். கார்களுக்கு விற்கும் 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலேயும் அதைச் செருகும் பேஸும் எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

ரிலேயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர் 30-க்கு. 87-லிருந்து லைட்டுக்கு. சாவி போட்டால் 12 வோல்ட் வரும் வயர் 86-க்கு. 85-லிருந்து எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவ். ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் 87ஏ என்று ஒன்று கூடுதலாக இருக்கும். அதைக் காலியாக விட்டுவிட வேண்டும். அவசரத்தில் லைட் வயரை அதில் செருகிவிட்டால் எல்லாம் தலைகீழ்: சாவியை எடுத்ததும் லைட் எரியும், போட்டதும் அணையும். ஹேண்டில்பாரில் வைக்கும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச்சை 86-க்கு வரும் மெல்லிய வயரின் நடுவில் வைக்க வேண்டும், லைட்டுக்குப் போகும் தடித்த வயரில் அல்ல. விலை மலிவான ஸ்விட்ச் உருகிப் போவது பெரும்பாலும் தடித்த வயரில் வைப்பதால்தான். ரிலேயின் காயில் அணையும் கணத்தில் எதிர்த்திசையில் நூறு வோல்ட்டுக்கு மேல்கூட ஒரு துடிப்பு எழும். ஈ.சி.யூ. உள்ள வண்டியில் அதை அப்படியே விடக் கூடாது; டயோடு (கரண்ட்டை ஒரே திசையில் விடும் பாகம்) உள்ளே வைத்த ரிலே வாங்கலாம், அல்லது 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை 86 பக்கம் இருக்குமாறு, 85-க்கும் 86-க்கும் குறுக்கே வைக்கலாம். திருப்பி வைத்தால் ஷார்ட்.

இனி, 86-க்கான அந்தச் சாவி வயரை எங்கே பிடிப்பது? கை தவறுவது அதிகம் இங்கேதான். நிறத்தை நம்பி வெட்டக் கூடாது. ஹோண்டா முறை வயரிங்கில் பொதுவாகச் சாவிக்குப் பின் வரும் பாசிட்டிவ் கறுப்பு, எர்த் பச்சை. யமஹாவிலோ கறுப்புதான் எர்த்; சாவி பாசிட்டிவ் பழுப்பு. ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் பொறியைக் கிளப்பும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

என் பரிந்துரை பின் பிரேக் லைட் ஸ்விட்ச். சைடு கவருக்குள் அல்லது ஃபுட்ரெஸ்ட் அருகில் இரண்டு வயர் வரும். பிரேக்கை மிதிக்காமலே, சாவி போட்டதும் 12 வோல்ட் காட்டும் பக்கத்தை எடுக்க வேண்டும். மறு பக்கத்தை எடுத்தால் பிரேக் மிதித்தால் மட்டுமே ஃபாக் லேம்ப் எரியும். ஹாரன் வயர் வண்டிக்கு வண்டி மாறும்: சிலவற்றில் ஹாரனில் எப்போதும் பாசிட்டிவ் நிற்கும், பட்டன் எர்த் கொடுக்கும், சிலவற்றில் பட்டனே பாசிட்டிவைக் கொடுக்கும். பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் ஓடுவதில்லை, இன்ஜினோடு சுழன்று கரண்ட் தரும் மேக்னெட்டோ காயிலிலிருந்து வரும் ஏ.சி.யில் ஓடும். அந்த வயரில் ரிலேயைக் கொடுத்தால் அது கடகடவென்று அடித்துக்கொள்ளும், நிலையாகப் பிடிக்காது. ஈ.சி.யூ., ஏ.பி.எஸ்., பெட்ரோல் பம்ப், சென்சார் என்று எதற்கும் போகும் வயர் எவ்வளவு கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலும் கை வைக்கவே கூடாது.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் மீட்டருக்குச் சுமார் 0.036 ஓம். பேட்டரியிலிருந்து லைட் வரை 2 மீட்டர், திரும்பி வர 2 மீட்டர். 9 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.3 வோல்ட் காணாமல் போகும். ஹாலஜன் பல்பில் இது வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நட்டம். 20 வாட் எல்.இ.டி. இரண்டு என்றால் மொத்தம் மூன்றரை ஆம்பியருக்குள். 1 சதுர மி.மீ. வயர், 5 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். ஹாலஜன் ஜோடிக்கு 2.5 சதுர மி.மீ., 15 ஆம்பியர். ஃபியூஸ் போகிறதே என்று பெரியதைப் போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிச் செருகுவதும் வயருக்குத் தீ வைப்பதற்குச் சமம். மொபைல் சார்ஜர் ஒன்று மட்டும்தான் என்றால் ரிலே தேவையில்லை. 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜர் 12 வோல்ட் பக்கத்தில் இழுப்பது 1 ஆம்பியர்தான். பிரேக் ஸ்விட்ச் சப்ளையிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸோடு எடுத்தால் போதும்.

எர்த் வயரை பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுவாருங்கள். பெயிண்ட் அடித்த பாடி ஸ்குரூவில் கொடுத்தால் ஆறு மாதத்தில் துரு ஏறி லைட் மினுக்கும். வயரைக் கடித்துப் பிடிக்கும் நீல கிளிப்புகள் மழை ஊருக்கு ஆகாதவை. உள்ளே நாலு இழை அறுந்து, தண்ணீர் இறங்கி, பச்சை பூத்துவிடும். வெறும் டேப் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும். ஈயம் வைத்து அல்லது கிரிம்ப் செய்து (உலோக முனையை நசுக்கிப் பிடித்து), சூட்டில் சுருங்கும் குழாயான ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ஈயம் வைத்த இடம் அதிர்வில் முறியாமல் இரு பக்கமும் டையால் கட்ட வேண்டும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி சீட்டுக்கடியில் மாட்டினால் தண்ணீர் தேங்காது. ஹேண்டில் திரும்பும் கோன்செட் பக்கம் போகும் வயருக்கு ஸ்லீவ் போட்டு, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும்; பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் என்ன ஆகும் என்று மெக்கானிக்குகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முடித்தபின் இரண்டு சோதனை. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துப் பாருங்கள். ஆக்சஸரீஸ் மாட்டும் முன் இருந்த அளவே இப்போதும் இருக்க வேண்டும். கூடியிருந்தால் ஏதோ ஒன்று சாவியை மீறி ஓடுகிறது. மீட்டர் அப்படி இருக்கும்போது மறந்தும் சாவி போடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அடுத்து, இன்ஜினை ஓட்டி, எல்லா லைட்டையும் போட்டு, 4,000 ஆர்.பி.எம். வாக்கில் பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை என்றால் நல்லது. 13-க்குக் கீழே நின்றால் இன்ஜினின் மேக்னெட்டோ காயில் தரும் கரண்ட் போதவில்லை, பேட்டரி கைக்காசைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பெரிய பேட்டரி வைப்பது மருந்தல்ல. வாட்டைக் குறைக்க வேண்டும்.

எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும்படி லைட்டை மேலே தூக்கி வைப்பதும், மத்திய மோட்டார் வாகன விதி 119 தடுக்கும் பல ஒலி ஹாரனை மாட்டுவதும் தனிக் கதை. அவற்றுக்கும் இதே வயரிங்தான் போடுகிறார்கள் என்பது எரிச்சலூட்டும் உண்மை.

ரிலே, பேஸ், ஃபியூஸ் ஹோல்டர், வயர் எல்லாம் சேர்த்தாலும் ஒரு சுமாரான ஃபாக் லேம்ப் ஜோடியின் விலையில் சிறு பகுதிதான் வரும். கடைக்காரர்கள் அதைப் பில்லில் சேர்த்தே விற்கலாம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் 30, 85, 86, 87 இணைப்பை ஒரு சிறு படமாக வெளியிட்டால், வெட்டி எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளப் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
திருச்சி.