‘பயிற்சி இல்லாததால்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

அமெரிக்க அருங்காட்சியகங்களில் ஓவியங்களுக்குக் குறிப்பு எழுதும் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் உங்கள் நாட்டில் ஊர் ஊராகப் போய் முகம் வரைந்து பிழைத்தவர்களின் படங்களை நீங்கள் அக்கறையோடு காத்துவருகிறீர்கள். ஆனால் பக்கத்தில் ஒட்டும் குறிப்பில் ‘முறையான பயிற்சி இல்லாததால்’ என்ற சொற்கள் அடிக்கடி வந்துவிடுகின்றன. உருவம் தட்டையாக இருந்தாலும் அதுதான் காரணம், நிழல் விழாவிட்டாலும் அதுதான் காரணம். படிக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

அப்படி முகம் வரைந்தவர்களில் ஒருவரான வில்லியம் மேத்யூ பிரையர் 1831இல் மெய்ன் மாநிலப் பத்திரிகை ஒன்றில் கொடுத்த விளம்பரத்தை நீங்கள் அறிவீர்கள். நிழல் இல்லாத தட்டைப் படம் போதும் என்பவர்களுக்குக் கால் பங்கு விலை! மேடுபள்ளம் தெரிய, நிழலோடு அவர் வரைந்த படங்களும் இருக்கின்றன. பிறகு கிழக்கு பாஸ்டனில் இருந்தபோது, ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், சட்டமும் கண்ணாடியும் சேர்த்து 2 டாலர் 92 சென்ட் என்று படத்தின் பின்னால் சீட்டு ஒட்டினார். வாங்க வருபவரின் கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத் தூரிகையைப் பிடித்தவர் அவர். பெரிய பணக்காரர் அல்லாதவர் வீட்டுச் சுவரிலும் பிள்ளையின் முகம் ஏறியது இப்படித்தான்.

அம்மி பிலிப்ஸ் கதை இன்னும் தெளிவானது. கனெக்டிகட், மாசசூசெட்ஸ், நியூயார்க் எல்லை ஊர்களில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வரைந்தவர். தொடக்கத்தில் வெளிறிய, மென்மையான நிறங்கள். பிறகு இருண்ட பின்னணியில் பளிச்சென்ற உருவங்கள். இரண்டும் ஒரே கை என்று நம்ப முடியாமல், ‘எல்லை ஓவியர்’, ‘கென்ட் ஓவியர்’ என்று வெவ்வேறு ஆட்களாகவே ஆய்வாளர்கள் வைத்திருந்தார்கள். வேறு வழி தெரியாதவர் இப்படி மாறுவாரா? அவர் வரைந்த, சிவப்புக் கவுன் போட்ட அந்தச் சிறுமியைப் பாருங்கள். மடியில் வெள்ளைப் பூனை, காலடியில் நாய். அந்த அகன்ற சிவப்பில் நிழலைப் போட்டு நிரப்பியிருந்தால் படமே கெட்டுப்போயிருக்கும்.

அப்புறம், பால்டிமோரில் முகம் வரைந்த ஜோஷுவா ஜான்சன். அடிமையாகப் பிறந்து 1782இல் விடுதலை பெற்றவர். 1798இல் பால்டிமோர் பத்திரிகையில் தன்னைத் ‘தானே கற்ற மேதை’ என்று அவரே அறிவித்துக்கொண்டார். அவர் பெருமையாகச் சொன்னதை நாம் குறையாக எழுதலாமா?

இனி எழுதும் குறிப்பில் படத்தின் விலையையும், வரைய ஆன நேரத்தையும், யார் வீட்டுக்காக வரைந்தார் என்பதையும் தெரிந்தவரை சேருங்கள். பிரையரின் சீட்டு மிஞ்சியிருக்கும் படங்களில் அது இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருக்கிறது. அதைப் படம் பிடித்து, பார்க்க வருபவர்கள் படிக்கும்படி முன்னால் வையுங்கள்.

அன்புடன்,
இந்தப் படங்களை நேசிக்கும் ஒரு வாசகர்